பேய் பங்களா எபினேசர்

“இதுல யாருனா ஒருத்தர் படுத்துப் பாக்கணும்,” என்றாள் ஏஞ்சலின்.

பொன்னேரி சவப்பெட்டிக் கடைக்காரருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கையிலிருந்த டீ டம்ளரை மரத்தூள் படிந்த பெஞ்சில் வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் விலை கேட்பார்கள், எத்தனை மணிக்கு வண்டியில் ஏற்றலாம் என்று கேட்பார்கள். ஜவுளிக்கடையில் சட்டை போட்டுப் பார்ப்பதுபோலப் பெட்டியைப் போட்டுப் பார்க்க வந்தவர் அவர் அனுபவத்தில் இல்லை.

“ஆளு ஒசரத்தைச் சொல்லிட்ட இல்லம்மா. ஆறடிப் பொட்டி தாராளமாப் போதும். இன்னா டவுட்டு உனக்கு?”

“நீளம் இல்லீங்க. தோளாண்ட இடிக்கும்.”

“இடிச்சா அவுருக்கு இன்னா தெரியவா போவுது?”

“எங்க நைனாவுக்குத் தெரியும். பதினேழு வருசம் பொட்டியில படுத்தவரு.”

கடைக்காரர் பெஞ்சில் வைத்த டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். அவளோடு வந்திருந்த, அப்பாவோடு வேலை பார்த்த தணிகைவேல் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான். செத்துப்போன எபினேசரின் தோள் அகலமும் அவன் தோள் அகலமும் ஏறக்குறைய ஒன்று. பெட்டிக்குள் ஏறிப் படுத்தான், கையை மார்பில் கட்டினான், கண்ணை மூடினான். எதிர்ப்பக்கம் பூக்கடையில் மாலை தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் “அடக் கர்மமே” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“எபி அண்ணன் சொல்வாரே, அதே மாரி இடிக்குதும்மா,” என்றான் தணிகைவேல், கண்ணைத் திறக்காமல். “அடுத்தத எடுக்கச் சொல்லு.”

மூன்றாவது பெட்டி சரியாக இருந்தது. யாரோ ஒரு கனத்த ஆளுக்காகச் செய்து, அவர் பிழைத்துக்கொண்டதால் மிஞ்சிப்போன பெட்டி. அதைத் தணிகைவேலின் மினி வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். ஏஞ்சலின் முன்சீட்டில் உட்கார்ந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் உயிர் போனதிலிருந்து அவள் அழவில்லை. சிப்காட் கம்பெனியில் பிரேக் சாமான்களில் பிசிறு பார்த்துத் தள்ளுகிற வேலை அவளுக்கு. அந்தக் கண்ணோடுதான் காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் சரியில்லை என்று தள்ளிவிட வேண்டும்போல இருந்தது.

எபினேசர் தன் வேலையில் கண்ட ஒரே குறை, அங்கே அவர் படுத்த பெட்டியின் அகலம்தான். மற்றபடி ராஜா வேலை என்பார்.

கவரைப்பேட்டை தாண்டி ஹைவே ஓரத்தில் குஷிலேண்ட் பார்க் திறந்த புதிதில் அங்கே ஒரு ராட்டினமும் ஒரு கண்ணாடி மண்டபமும் வாசலில் கை குலுக்க ஒரு கொரில்லாவும் இருந்தன. கொரில்லாவுக்குள்ளே எபினேசர். இரும்பு உருட்டுகிற மில்லில் வெந்துகொண்டிருந்த உடம்புக்கு அந்தக் கம்பளித் தோல் குளுகுளுவென்று இருந்ததாம். ஆனால் சனங்களுக்கு எதுவும் ரெண்டு சீசனுக்கு மேல் ருசிப்பதில்லை. கண்ணாடி மண்டபம் போய் அலைக்குளம் வந்தது. பொம்மை ரயிலுக்கு டிராகன் தலை முளைத்தது. கொரில்லாவைப் பார்த்துக் குழந்தைகள் கொட்டாவி விட ஆரம்பித்ததும் முதலாளி பேய் பங்களா கட்டினார்.

பங்களாவின் கடைசி அறையில் ஒரு சவப்பெட்டி. கும்பல் உள்ளே வந்ததும் விளக்கு அணையும், மூடி தூக்கும், வெள்ளை மாவு பூசிய முகத்தோடு எபினேசர் மெல்ல எழுந்து உட்காருவார். அவ்வளவுதான். கையைக் காலை ஆட்ட மாட்டார், உறும மாட்டார், யாரையும் தொட மாட்டார். “எய்ந்து உக்காந்தா போதும், மிச்சத்த அதுங்களே பாத்துக்கும்” என்பார். சனங்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடும். வெளியே வெயிலில் நின்று ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு சுவருக்கு உள்ளே கேட்கும். அதைக் கேட்டபடி மறுபடி படுத்துக்கொள்வார்.

கொரில்லாவாக இருந்தவரை சபையில் ஒரு பேச்சும் இல்லை. பேயானதும் கொஞ்சம் முணுமுணுப்பு. புது போதகர் வந்த வருஷம்தான் அது பிரசங்கம் ஆனது. ஈஸ்டர் அன்று, நிறைந்த சபையில் அவர் சொன்னார்: “கல்லறையிலிருந்து கர்த்தர் ஒருவரே எழுந்தார். நம்ம சபையில ஒருத்தர் அம்பது ரூவா டிக்கெட்டுக்கு எழுந்துக்கிட்டிருக்கார்.” எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து எபினேசருக்கு இராப்போஜனம் கிடையாது. ஆனாலும் அவர் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பமும் திராட்சரசமும் வரும்போது தட்டை இரண்டு கையாலும் வாங்கி, தான் எடுக்காமல் பக்கத்து ஆளுக்கு மரியாதையாகத் தள்ளிவிடுவார். அதை ஒவ்வொரு முறையும் ஏஞ்சலின் பார்த்திருக்கிறாள். பார்த்த ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

பிறகு பேயும் பழசாகிப்போனது. பையன்கள் போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே வந்து பெட்டியோடு செல்ஃபி எடுத்தார்கள். முதலாளி பங்களாவை இடித்துவிட்டுப் பனி அறை கட்டினார். எபினேசர் பெங்குவின் ஆனார். பெங்குவினைப் பற்றி வேதத்தில் எதுவும் இல்லாததால் போதகர் மனம் இளகி ஆள் அனுப்பினார்: ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று, பேய் வேஷம் போட்டதற்கு மனம் திரும்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இராப்போஜனப் பந்தியில் சேர்த்துக்கொள்கிறோம். “பங்களாவ இடிச்சது மொதலாளி. அதுக்கு நான் இன்னாத்துக்கு மனம் திரும்பணும்?” என்று கேட்டு அனுப்பினார் எபினேசர். கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டார்.

வண்டி தெருவுக்குள் திரும்பியபோது பந்தல் போட்டாகிவிட்டது. வீட்டுக்குள் ஐஸ் பெட்டி ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. அம்மா சாராள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிகிற ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததும் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும். மறுபடி துடைப்பாள்.

“பொட்டி அகலமாக் கீதா?” என்று கேட்டாள்.

“கீதும்மா. சித்தப்பா படுத்துப் பாத்தாரு.”

சாராள் தலையாட்டினாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். “பின்னால தாவீது அண்ணன் நின்னுக்கினு கீறாரு. உன்னாண்ட பேசணுமாம். அவரு சொல்றத கேளு. எதுத்துப் பேசாத.”

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே மூப்பர் தாவீது நின்றிருந்தார். எபினேசரை முதன்முதலில் மில்லில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சபையில் போதகருக்கு அடுத்தபடி அவர் பேச்சுத்தான் எடுபடும். அழுது அழுது அவர் மூக்கு சிவந்திருந்தது.

“அம்மாடி, பாஸ்டர் ரெண்டு மணிக்கு வராரு. கல்லறைத் தோட்டத்துல போடணும்னா பந்தியில சேர்ந்த ஆளா இருக்கணும். அது ரூல்ஸு. உனக்குத் தெரியும்.”

“தெரியும் பெரிப்பா.”

“நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில நான் இருந்தேன். நீ இருந்த. வேற யாரும் இல்ல.” அவர் குரலைத் தணித்தார். “எபி கடைசியா மனம் திரும்பிட்டான்னு நான் சபையில சொல்லிடறேன். நான் மூப்பன், என் வார்த்தைய பாஸ்டர் தட்ட மாட்டாரு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பொய் உன் வாயில வர வேணாம். சும்மா இரு, போதும்.”

ஏஞ்சலின் துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று சாயங்காலம் இதே தாவீது கட்டிலருகே குனிந்து, “போதும்டா உன் வீம்பு, ஒரு வார்த்த சொல்லிடு எபி” என்று கெஞ்சியதும், அப்பா மூச்சுக்கு வைத்திருந்த மாஸ்க்கைத் தானே கழற்றியதும் அவள் கண்முன் வந்தது. “நான் எய்ந்திருச்சி யாரும் கெட்டுப் போவலண்ணே. கத்துச்சிங்கோ, ஓடுச்சிங்கோ, வெளிய போயி சிரிச்சிச்சிங்கோ. அதுல பாவம் எங்க கீதுன்னு நீ காட்டு. காட்டினா சொல்றேன்.” அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அத்தனை நேரம் பிடித்தது. தாவீதால் காட்ட முடியவில்லை. அப்பா மாஸ்க்கைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

“இது உனக்காவ இல்லடி,” என்றார் தாவீது. “உங்கம்மாவுக்காவ. ஜெரால்ட் அங்க கீறான் இல்ல.”

ஏஞ்சலினின் தம்பி ஜெரால்ட். ஆறு வயதில் காய்ச்சலில் போனவன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக, சின்னதாக ஒரு சிலுவையோடு படுத்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் புருஷன், புருஷனுக்குப் பக்கத்தில் தான் என்று சாராள் மனசுக்குள் எப்போதோ பாய் விரித்துவிட்டாள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் முளைத்த புல்லையும் சேர்த்தே பிடுங்கிவிட்டு வருவாள்.

“சும்மா இருக்கேன் பெரிப்பா,” என்றாள் ஏஞ்சலின். சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

ரெண்டு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. சபைக்காரர்கள் முன்னால் நாற்காலிகளில். பின்னால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது பார்க் கூட்டம். ராட்டினம் ஓட்டுகிறவர், அலைக்குளத்தில் விசில் ஊதுகிறவள், டிக்கெட் கவுண்டர் மோனிகா, மேளம் அடிக்கிற ஏழெட்டுப் பையன்கள். இன்றைக்கு ஒரு பெங்குவின் குறைவாகப் பனி அறை ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள்.

போதகர் கெட்டவர் இல்லை. கொரோனா சமயத்தில் வீடு வீடாக அரிசி மூட்டை சுமந்தவர். எபினேசர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது முதல் நாளே வந்து பார்த்தவர். தப்பு செய்கிறவனோடு சண்டை போட்டுவிடலாம். நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, முகத்தில் இரக்கத்தோடு வந்து நிற்கிறவரோடு என்ன சண்டை போடுவது? அவர் ஜெபித்தார், எல்லாரும் பாடினார்கள். பிறகு தாவீது எழுந்தார்.

“நேத்து சாயங்காலம் நம்ம சகோதரர் எபினேசர்,” என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். “மனம் திரும்பினாரு. என் காதால கேட்டேன்.” உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் பிடித்து உட்கார வைத்தார்.

“அல்லேலூயா” என்றது முன்வரிசை. போதகரின் கண் நிஜமாகவே கலங்கியது. அங்கேயே விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருக்கும். ஆனால் சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு நாக்கு நிற்பதில்லை.

“பாருங்க,” என்றார் அவர், பின்னால் நின்ற பார்க்காரர்களையும் சேர்த்துப் பார்த்து. “பிசாசோட பெட்டியில படுத்து எழுந்து, தேவனுடைய உயிர்த்தெழுதலைக் கேலிப்பொருளாக்கின ஒரு மனுஷன், கடைசி நேரத்துல தன் வேலையை நெனச்சு வெட்கப்பட்டிருக்கார். இன்னும் அந்த வேலை செய்றவங்களுக்கு இது ஒரு எச்சரிப்பு. சிஸ்டர் ஏஞ்சலின், நீங்களும் பக்கத்துல இருந்தீங்க. வாங்க, அப்பாவோட சாட்சியை உங்க வாயால சொல்லுங்க.”

தாவீது சட்டென்று நிமிர்ந்தார். இது அவர் கணக்கில் இல்லாதது.

ஏஞ்சலின் எழுந்து நின்றாள். சும்மா இருப்பதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் சும்மா இருக்க அவளை விடவில்லையே. பின்வரிசையைப் பார்த்தாள். விசில் ஊதுகிறவள் தலையைக் குனிந்திருந்தாள். தணிகைவேல், பதினேழு வருஷமும் பங்களாவுக்கு விளக்குப் போட்டு அணைத்தவன், ஏதோ தானே திருடி மாட்டிக்கொண்டதுபோலப் பந்தல் கம்பத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மங்கியிருந்தது. அம்மா அதைத் துடைக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேணாம்டி என்றது அந்தப் பார்வை. அதைவிட வேறெப்படியும் அதைப் படிக்க முடியாது.

மூச்சு விட முடியாத மனுஷன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சொன்ன பதில். அதை மாற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. சொன்னபடி சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை.

“வெக்கப்படல பாஸ்டர்,” என்றாள்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

“தாவீது பெரிப்பா எங்கம்மாவுக்காவ சொன்னாரு. அவரு மேல கோச்சிக்காதீங்க. நைனா மனம் திரும்பல. அதுல பாவம் எங்க கீதுன்னு காட்டச் சொன்னாரு. யாராலயும் காட்ட முடியல. அவருக்கு அந்த வேல புடிச்சிருந்திச்சி. பெருமையா செஞ்சாரு. பேய் வேசம் போட்டு என்னைப் படிக்க வெச்சாரு. இதான் சாட்சி.”

அவள் நாக்கு நுனியில் இன்னொன்றும் இருந்தது. போன மே மாதம் விடுமுறை வேதபாடசாலைப் பிள்ளைகளைப் போதகர் குஷிலேண்டுக்கு அழைத்துப் போனார். பனி அறையில் அவருடைய சின்ன மகள் குளிரில் அழுதபோது தூக்கிச் சமாதானப்படுத்திய பெங்குவினின் தோள்மேல் கை போட்டு அவர் எடுத்துக்கொண்ட போட்டோ, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பனி அறைப் பெங்குவின்கள் மூன்றில் அது எந்த ஆள் என்று அவருக்குத் தெரியாது. அது கூடத்தில் தொங்குவதைக் கேள்விப்பட்ட அன்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு, “வெளிய சொல்லிடாத பாப்பா, அந்தப் புள்ள தெனம் அதுக்கு குட்நைட் சொல்லுதாம்” என்றார் நைனா. ஏஞ்சலின் வாயை மூடிக்கொண்டாள்.

போதகர் வேதாகமத்தை மெதுவாக மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏஞ்சலினுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“உண்மையைச் சொன்னதுக்கு நன்றி சிஸ்டர். ஆனா சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும். வீட்டுல ஜெபம் பண்ணிட்டேன். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும்...” தலையை இடவலமாக அசைத்தார்.

ஏஞ்சலின் அம்மா பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை. இனிமேல் ஆயுசுக்கும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சோறு தின்ன வேண்டும் என்ற நினைப்பு வந்தது. தான் செய்தது சரிதான், ஆனால் அதற்கான கூலியை அம்மா கொடுக்கப்போகிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

சாராள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. முட்டிவலிக்காரி, எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுவாள். ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“பாஸ்டர்,” என்றாள். “இந்தத் தெருவுல பொம்பளைங்கோ பதினேழு வருசமா என்னைக் கிண்டல் பண்ணாளுங்கோ. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும்னு. நானும் சிரிச்சிக்கினு போயிடுவேன்.” சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “ஏறுறேன். தணிகை, ஏரிக்கரையில குழி வெட்டச் சொல்லு.”

“சிஸ்டர், யோசிச்சு...” போதகர் பதறிவிட்டார். “உங்க பையன் சபைத் தோட்டத்துல இருக்கான்.”

“அவன் சின்னப் புள்ள. அவனைக் கர்த்தர் பாத்துக்குவாரு. இந்த ஆளை என்னை வுட்டா பாத்துக்க யாரு கீறாங்க?”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. வயசான ஒருவர் “கொஞ்சம் பொறுமையா” என்றார். சாராள் அவரைத் தாண்டி நடந்தாள். மகளிடம் வந்து, “ஐஸ் பொட்டி பிளக்கப் புடுங்கு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது ஏஞ்சலினின் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை வைத்த இடத்தில்தான் காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது. பிளக்கைப் பிடுங்கக் குனிந்தவள் சுவரோடு சாய்ந்து ஓவென்று அழுதாள்.

சபைச் சாவில் மேளம் கிடையாது. இப்போது இது சபைச் சாவு இல்லை. பார்க் பையன்கள் தயங்கித் தயங்கி சாராளைக் கேட்டார்கள். “அடிங்கப்பா. அவருக்குப் புடிக்கும்” என்றாள். தெருமுனை தாண்டியதும் மேளம் கிளம்பியது. பேண்டு செட்டும் பறையும் கலந்து, குஷிலேண்டில் சாயங்கால ஊர்வலத்துக்கு அடிக்கிற அடி. மோனிகா ஆடினாள். ராட்டினம் ஓட்டுகிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். ஏரிக்கரைக்குப் போக சபை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வந்ததும் பையன்கள் தாங்களாகவே அடியைக் குறைத்தார்கள். ஒருவன் குச்சியைத் தூக்கி நிறுத்தியேவிட்டான்.

“ஏன் நிறுத்தற?” என்றாள் ஏஞ்சலின்.

“சர்ச்சு வந்துடுச்சிக்கா...”

“அடி.”

அடித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னச் சிலுவை தெரிந்த இடத்தில் சாராள் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு வேகமாக நடந்து பெட்டி வண்டியோடு சேர்ந்துகொண்டாள்.

ஏரிக்கரைப் பொது மயானத்தில் எரிப்பதும் உண்டு, புதைப்பதும் உண்டு. சாம்பல் மேடுகளைத் தாண்டி, வேலிக்காத்தான் வெட்டிய இடத்தில் குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்கி வைத்தார்கள். கடைசியாக முகம் பார்த்தார்கள். முகத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டாள் சாராள். தணிகைவேல் மூடியைத் தூக்கி வைத்துச் சரிசெய்தான். சரிசெய்த கையே விரல் முட்டியால் மூடியை இரண்டு முறை தட்டியது. டொக் டொக்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். விளக்குப் போட்ட கையும் அப்படித்தான். பங்களாவில் கும்பல் கடைசி அறை வாசலுக்கு வந்ததும், சுவருக்குப் பின்னாலிருந்து தணிகைவேல் அப்படித்தான் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டுவான். ஆள் வந்தாச்சு, எழுந்திரு என்று அர்த்தம். எபினேசர் எழுந்துவிடுவார். தூங்கிப்போயிருந்தாலும், காய்ச்சலில் கிடந்தாலும், தட்டினால் எழுந்துவிடுவார்.

மேளம் நின்றிருந்தது. பார்க்காரர்கள் அத்தனை பேரும் மூடியையே பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தத் தட்டு தெரியும். தணிகைவேல் தூக்கிய கையைக் கீழே போடாமல் அப்படியே நின்றான். ஏஞ்சலினும் பார்த்தாள். வெட்கமில்லாமல், அறிவில்லாமல், அப்பா எழுந்து உட்காருவார் என்று காத்திருந்தாள்.

“கூப்டாதடா தணிகை,” என்றாள் சாராள். “இன்னிக்கி அவருக்கு லீவு.”

தணிகைவேல் பெட்டியின் மேலேயே விழுந்து அழுதான். அவனைப் பிடித்துத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஜெபம் பண்ண ஆள் இல்லை. “நீயே பண்ணு” என்றாள் சாராள் மகளிடம். ஏஞ்சலினுக்கு ஞாபகத்தில் இருந்தது கர்த்தருடைய ஜெபம் ஒன்றுதான். அதைத் தொடங்கினாள். பாதியில் அவள் நின்றுவிட்டபோது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டது. மூப்பர் தாவீது. வேலிக்காத்தான் நிழலில் தன் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் எழுந்து நின்று, சொன்ன பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடித்து ஆமென் என்றார். வரிசையில் வந்து ஒரு கைப்பிடி மண் போட்டார்.

குழி மூடி மேடானதும் கூட்டம் கலையத் தொடங்கியது. வெட்டியான் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு பீடி தேடினான். சாராள் நேராகத் தாவீதிடம் போனாள்.

“அண்ணே, அந்தத் துண்டக் குடுங்க.”

முகம் துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் கொடுத்தார். சாராள் அதை வாங்கிக்கொண்டு வந்து, முட்டியை மடக்க முடியாமல் மடக்கிக் கீழே உட்கார்ந்து, புது மேட்டுக்கு இடது பக்கத்தில், வெறும் தரையில், சுருக்கமில்லாமல் நீட்டி விரித்தாள். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களுக்கு அந்த விரிப்பு தெரியும். மூலைக்கு ஒன்றாக மண்கட்டி எடுத்து வைத்தாள்.

“இன்னாம்மா இது?” என்றான் வெட்டியான்.

“யாருனா இந்த எடத்தக் கேட்டா,” என்றாள் சாராள், “ஆள் வருதுன்னு சொல்லு.”

தாவீது வெறும் தலையோடு வெயிலில் நின்றார். ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து, மண்கட்டி சரிந்த ஒரு மூலையைத் தூக்கியது. ஏஞ்சலின் போய் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து அதன்மேல் வைத்தாள்.